அபூ உமைரின் குருவி: வளர்ப்புயிரின் மரணமும் துயரின் ஒழுக்கமும்

பல்லாண்டுகள் ஒரு வீட்டில் வளைய வந்த பூனை ஒரு நாள் இறந்துவிடுகிறது. அது வழக்கமாகப் படுத்திருந்த திண்ணை மூலை வெறுமையாகக் கிடக்கிறது. ஃபஜ்ருத் தொழுகைக்கு எழும் வீட்டுத் தலைவி, காலடியில் வந்து உரசும் அந்த மெல்லுடலை எதிர்பார்த்து ஒரு கணம் நின்றுவிடுகிறார். பால் ஊற்றும் சிறு கிண்ணத்தைக் கழுவி எடுத்து வைக்கும்போது அவருடைய கண்கள் நிறைகின்றன. அவ்வேளையில் வீட்டுக்கு வரும் உறவினர் ஒருவர், "ஒரு பூனைக்காகவா இவ்வளவும்? மனிதர்களே மவுத்தாகிக்கொண்டிருக்கிறார்கள். வேறொரு குட்டியை எடுத்து வந்து வளர்த்தால் போயிற்று" என்று சொல்லிவிட்டு அமர்கிறார். அழுதவர் கண்களைத் துடைத்துக்கொள்கிறார். துயரம் நீங்கவில்லை, அதனுடன் வெட்கமும் சேர்ந்துகொள்கிறது.

மார்க்கப் பற்றுள்ளோரை இன்னோர் ஐயமும் வருத்துவதுண்டு. வாயில்லா உயிர் ஒன்றுக்காக மனம் உடைவது ஈமானின் குறைபாடோ என்பதே அது. உலகப் பொருள்மீது அளவிறந்த பற்று வைத்ததன் அடையாளமாக இக்கண்ணீர் கருதப்படுமோ என்று அவர்கள் அஞ்சுகின்றனர். இந்த வெட்கத்திற்கும் அச்சத்திற்கும் நமது மரபில் இடமுண்டா, அத்தகைய துயரை ஒரு முஸ்லிம் எங்ஙனம் சுமக்க வேண்டும் என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

மதீனாவில் ஒரு வீடு

நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் அடிக்கடி சென்றுவந்த இல்லங்களுள் உம்மு ஸுலைம் (ரலி), அபூ தல்ஹா (ரலி) தம்பதியரின் இல்லமும் ஒன்று. உம்மு ஸுலைமின் முதல் மணத்தில் பிறந்தவரே நபிகளாருக்குப் பத்தாண்டுகள் பணிவிடை செய்த அனஸ் இப்னு மாலிக் (ரலி). அபூ தல்ஹாவை மணந்த பின் பிறந்த சிறுவனை அபூ உமைர் என அழைத்தனர். பால்குடி மறந்து அதிக காலம் ஆகாத பருவம் அவனுக்கு. அவனிடம் ஒரு சிறு பறவை இருந்தது. அரபியர் அதை நுஃகர் என்பர். சிட்டுக்குருவியை ஒத்த, சிவந்த அலகுடைய பறவை அது என அகராதி ஆசிரியர்கள் விளக்குகின்றனர். சிறுவனின் விளையாட்டுத் தோழமை அதுவே.

ஒரு நாள் நபியவர்கள் அங்கு வந்தபோது சிறுவன் வாடிய முகத்துடன் இருந்தான். அவனுக்கு என்னவாயிற்று என வீட்டாரிடம் வினவினார்கள். அவன் விளையாடிக்கொண்டிருந்த பறவை இறந்துவிட்டது என்று அவர்கள் கூறினர். உடனே நபியவர்கள் சிறுவனின் பக்கம் திரும்பி, பெரியவர்களை அழைப்பதுபோல் அவனைக் குன்யத்துப் பெயரால் விளித்து, அந்தக் குட்டிப் பறவை என்னவாயிற்று என்று கேட்டார்கள். உமைர், நுஃகைர் என்னும் இரு சொற்களும் இயைந்து ஒலிக்கும் சிறு வாக்கியம் அது. அனஸ் (ரலி) வழியாக வந்துள்ள இச்செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இடம்பெற்றுள்ளது. சிறுவன் வருந்தியிருந்ததையும் அதன் காரணத்தை நபியவர்கள் விசாரித்ததையும் அபூதாவூதின் அறிவிப்பு தெளிவாக்குகிறது.

நிகழ்ச்சி சிறியதுதான். ஆனால் அதில் சொல்லப்படாதவற்றையும் நாம் கவனிக்க வேண்டும். ஒரு பறவைக்காக அழலாமா என்று அங்கே கேட்கப்படவில்லை. வேறொன்று வாங்கிக் கொள்ளலாம் என்ற சமாதானமும் இல்லை. பொறுமையைப் பற்றிய உபதேசமும் இல்லை. இருந்ததெல்லாம் ஒரு வினா மட்டுமே. துயருற்றவன் தன் இழப்பைத் தானே சொல்வதற்கு அவ்வினா வழி திறந்துவிட்டது. ஒரு சமுதாயத்தின் பொறுப்பைச் சுமந்திருந்த தலைவருக்கு, ஒரு குழந்தையின் குருவி இறந்தது விசாரிக்கத்தக்க செய்தியாக இருந்தது.

அறுபது படிப்பினைகள்

இந்த ஹதீஸின் வரலாற்றில் சுவையான ஒரு கட்டமுண்டு. பயனற்ற சில்லறைச் செய்திகளையெல்லாம் ஹதீஸ் கலையினர் அறிவித்துத் திரிகின்றனர் எனக் குறை கூறியோர், அதற்கு எடுத்துக்காட்டாக அபூ உமைரின் குருவியையே காட்டினர். இதற்கு மறுமொழியாக ஹிஜ்ரி 335இல் மறைந்த ஷாஃபிஈ சட்ட அறிஞர் இப்னுல் காஸ் அத்தபரி ஒரு தனி நூல் இயற்றினார். அந்த ஒரு செய்தியிலிருந்து சட்டம், ஒழுக்கம், பண்பாடு ஆகியவை சார்ந்த 60 படிப்பினைகளை அவர் எடுத்துக் காட்டினார். அவற்றின் சாரத்தை இமாம் இப்னு ஹஜர் அல்அஸ்கலானி (ரஹ்) தமது ஃபத்ஹுல் பாரியில் தொகுத்தளித்துள்ளார்.

அவற்றுள் சில நம் பொருளுக்கு நேரடியாகத் தொடர்புடையவை. சிறியவராயினும் பெரியவராயினும் தோழமை கொண்டவரிடம் கனிவுடன் நடந்து அவர் நிலையை விசாரிப்பது நபிவழி. குழந்தை பறவையுடன் விளையாடுவதும், துன்புறுத்தாது பேணும் வரை பறவையை வீட்டில் வைத்திருப்பதும் ஆகுமானவை. முகத்தில் வெளிப்படும் வாட்டத்தைக் கொண்டு உள்ளத்தில் மறைந்திருக்கும் துயரை அறியலாம். இந்த இறுதிச் செய்தியைச் சட்ட அறிஞர் ஒருவர் தனித்து எண்ணிக் குறித்து வைத்திருப்பது நம் சிந்தனைக்குரியது. துயரத்தைக் கண்ணால் கண்டறிவதும் ஒரு கல்வியே என அவர் கருதியிருக்கிறார்.

நபியவர்களின் இப்பார்வை மனிதரோடு நின்றுவிடவில்லை. ஒரு பயணத்தில் தோழர்கள் சிலர் தாய்ப்பறவை ஒன்றின் இரு குஞ்சுகளை எடுத்துவிட்டனர். அது சிறகடித்துத் தவிப்பதைக் கண்ட நபியவர்கள், குஞ்சுகளைப் பிரித்து அதனை வருத்தியவர் யார் என்று கேட்டு, அவற்றைத் திருப்பித் தருமாறு பணித்தார்கள். இதனை இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்க அபூதாவூத் பதிவு செய்துள்ளார். பறவைக்காக வருந்திய குழந்தையும், குஞ்சுக்காக வருந்திய பறவையும் ஒரே கருணையின் பார்வையில் பட்டன.

இத்துயரம் ஏன் இத்தனை கனமானது?

பூனை எச்சில்பட்ட நீரைப் பற்றிய ஹதீஸில், அது அசுத்தமன்று என்பதற்கு ஒரு காரணம் கூறப்பட்டுள்ளது. பூனைகள் நம்மைச் சுற்றிச் சுற்றி வரும் உயிர்களுள் அடங்கும் என்பதே அது. அபூ கதாதா (ரலி) தமது உளூவுக்குரிய பாத்திரத்தைப் பூனை குடிப்பதற்காகச் சாய்த்துப் பிடித்தபோது இதை நினைவுகூர்ந்தார். வீட்டினரைப் போல் உள்ளும் புறமும் வளைய வரும் உயிர் என்னும் இந்த அடையாளத்திலேயே நாம் தேடும் விடையும் உள்ளது. வளர்ப்புயிரின் மீதான அன்பு பெரும் நிகழ்ச்சிகளால் உருவாவதன்று. அன்றாடத்தின் சிறு செயல்களால் ஆவது. உணவு வைத்தல், கதவைத் திறந்துவிடுதல், மடியில் இடந்தருதல் என நாளொன்றுக்குப் பலமுறை நிகழ்ந்த தொடர்பு அறுபடும்போது, நாளின் ஒவ்வொரு வேளையும் அந்த இழப்பை நினைவூட்டுகிறது.

பிரித்தானிய மனமருத்துவர் ஜான் பௌல்பி 1969க்கும் 1980க்கும் இடையில் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட ஆய்வில், துயரம் என்பது பற்றின் மறுபக்கமே என விளக்கினார். பற்று எங்கு உருவானதோ அங்கே பிரிவின் வலியும் எழும். அமெரிக்க அறிஞர் கென்னத் டோக்கா 1989இல் வெளியிட்ட நூலில், சமூகம் அங்கீகரிக்க மறுக்கும் துயரம் என்னும் கருத்தை முன்வைத்தார். இழப்பு உண்மையானது, ஆனால் அதற்காக வருந்தும் உரிமை வருந்துபவருக்கு மறுக்கப்படுகிறது. வளர்ப்பு விலங்கின் மரணம் இதற்கு அடிக்கடி காட்டப்படும் சான்றாகும்.

நம் வழக்கங்களோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். மூத்தா போரில் ஜஅஃபர் (ரலி) வீரமரணம் எய்திய செய்தி வந்தபோது, அவர் குடும்பத்தாருக்கு உணவு சமைத்துக் கொடுக்குமாறு நபியவர்கள் கூறினார்கள். இன்றும் ஒரு வீட்டில் மரணம் நேர்ந்தால் அண்டை வீட்டார் உணவு அனுப்புகின்றனர்; உற்றார் வந்து அமர்கின்றனர்; துஆ ஓதப்படுகிறது. துயரைப் பகிர்ந்து சுமக்க ஊரே வந்து சேர்கிறது. வளர்ப்புயிர் இறந்த வீட்டுக்கோ எவரும் வருவதில்லை. பிள்ளைகள் வளைகுடா நாடுகளில் பணிபுரிய, பெரிய வீட்டில் தனித்து வாழும் முதிய தாய்மாரை நாம் அறிவோம். அவர்களுள் சிலருக்கு நாள் முழுதும் பேச்சுக்குக் கிடைத்த உயிர் ஒரு பூனையோ கிளியோ மட்டுமே. அவ்வுயிர் மறைந்தபின் அந்த வீட்டில் எஞ்சும் மௌனத்தை, வேறொரு குட்டியை வளர்க்கலாமே என்னும் சொல் நிரப்பிவிடாது.

ஆகவே அத்தகையோர் முதலில் செய்ய வேண்டுவது, தமது துயரைத் தாமே மறுக்காதிருப்பதாகும். நம்பிக்கையாளரைத் தைக்கும் முள் உட்பட அவரை அடையும் ஒவ்வொரு துன்பத்தின் வாயிலாகவும் அல்லாஹ் அவருடைய பாவங்களைப் போக்குகிறான் என்பது புகாரியிலும் முஸ்லிமிலும் வந்துள்ள நபிமொழியின் கருத்து. ஒரு முள்ளின் வலிகூட இறைவனிடம் கணக்கில் வருமெனில், நேசித்த உயிரைப் புதைத்த வலி வராது போகுமா?

உரிமைகளும் குற்றவுணர்வும்

மனிதரின் மரணத்தில் பெரும்பாலும் காணப்படாத ஒரு சுமை வளர்ப்புயிரின் மரணத்தில் உண்டு. அதன் வாழ்வு முழுவதும் நம் கையில் இருந்தது. அதற்குப் பேச வாயில்லை. நோயை முன்பே கண்டுகொண்டிருக்கலாமோ, அன்று கதவைத் தாழிட்டிருந்தால் தெருவுக்குப் போய் வண்டியில் அடிபட்டிருக்காதோ என மனம் தன்னையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது.

இங்கு நாம் இரண்டு நிலைகளைப் பிரித்தறிதல் வேண்டும். பூனையொன்றை அடைத்து வைத்து, உணவும் தராமல், தானே இரைதேடவும் விடாமல் சாகடித்த பெண் தண்டிக்கப்பட்டாள் என்னும் ஹதீஸ் நாமறிந்ததே. பசியாலும் ஓயாத வேலையாலும் வருந்திய ஒட்டகம் நபியவர்களைக் கண்டு கண்ணீர் வடித்தபோது, அவர்கள் அதன் தலையைத் தடவி அமைதிப்படுத்தி, உரிமையாளரை எச்சரித்தார்கள். ஹிஜ்ரி 660இல் மறைந்த இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ் ஸலாம் (ரஹ்) தமது கவாயிதுல் அஹ்காமில், மனிதர்மீது விலங்குகளுக்குள்ள உரிமைகளைப் பட்டியலிட்டுள்ளார். முதுமையாலோ நோயாலோ பயன் தராத நிலையை அடைந்தாலும் அதற்குச் செலவு செய்தல், தாங்கவியலாத சுமையை ஏற்றாதிருத்தல், அதைத் துன்புறுத்தும் பிற விலங்குகளுடன் சேர்த்து வைக்காதிருத்தல் ஆகியன அவற்றுள் சில.

இவ்வுரிமைகளில் வேண்டுமென்றே தவறியவர் தவ்பா செய்யட்டும். இனி எவ்வுயிரிடத்தும் அவ்வாறு நடவாதிருக்க உறுதி கொள்ளட்டும். ஆனால் துயரத்தில் தம்மைத் தாமே வதைத்துக்கொள்வோர் பெரும்பாலும் இவ்வகையினர் அல்லர். இயன்றதைச் செய்து, அறியாததில் தவறியவர்களே அதிகம் அழுகின்றனர். அத்தகையோருக்கு முஸ்லிமில் வரும் மற்றொரு நபிமொழி மருந்தாகும். இப்படிச் செய்திருந்தால் அப்படி ஆகியிருக்குமே என்னும் எண்ணம் ஷைத்தானின் செயலுக்கு வாயிலைத் திறக்கிறது. இது அல்லாஹ்வின் விதி என்று அமைவதே வழி என்பது அதன் கருத்து.

தீராத வேதனையிலிருக்கும் விலங்கை மருத்துவரின் ஊசியால் உயிர்நீக்கம் செய்யலாமா என்னும் வினாவும் இக்காலத்தில் பலரை வருத்துகிறது. உண்ணத் தகாத விலங்கை, அதன் வேதனையை நீக்கும் நோக்கத்துடனேயே ஆனாலும், கொல்லலாகாது என ஷாஃபிஈ சட்ட நூல்கள் கூறுகின்றன. நோயுற்றுப் பயனற்றுப்போன கழுதை போன்றவற்றை அறுத்து விடுவிப்பதற்கு ஹனஃபி நூல்களில் இடமுண்டு. இரு தரப்பாரின் நோக்கமும் உயிரின்மீதான மரியாதையே. இத்தகைய நிலைக்கு ஆளாவோர் தம் மத்ஹபை நன்கறிந்த ஆலிமையும் கால்நடை மருத்துவரையும் கலந்து முடிவெடுக்கட்டும். ஆலோசித்து, இரக்கத்தின் பேரில் எடுத்த முடிவைப் பின்னர் ஆண்டுக்கணக்கில் கிளறிக் கொண்டிருத்தல் தேவையற்றது.

மண்ணுக்கு அளித்தல்

மனிதனுக்கு அடக்கம் செய்யக் கற்றுத்தந்தது ஒரு பறவையே. ஆதமின் மகன் தன் சகோதரனைக் கொன்றுவிட்டு உடலை என்செய்வதென்று அறியாது நின்றபோது, மண்ணைக் கிளறிக் காட்டும் காகத்தை அல்லாஹ் அனுப்பியதைத் திருக்குர்ஆனின் 5:31ஆம் வசனம் கூறுகிறது. அந்த மண்ணில் நாம் வளர்த்த உயிரையும் இடுவதில் தவறேதுமில்லை. குளிப்பாட்டல், கஃபன், ஜனாஸாத் தொழுகை ஆகியவை மனிதருக்குரியவை; அவற்றை விலங்குக்குச் செய்தல் கூடாது. தூய துணியொன்றில் சுற்றி, பிற விலங்குகள் தோண்டாத ஆழத்தில் புதைத்தால் போதும். குப்பையில் வீசுவதைவிட அது துப்புரவுக்கும் நன்று. வளர்த்தவரின் மனத்துக்கும் ஆறுதல். அதன் பெயரால் நினைவு நாள்களும் சடங்குகளும் தோற்றுவிப்பது நம் வழியன்று. அதன் நினைவு எழும்போது தெருவில் பசித்திருக்கும் உயிர்க்கு நீரும் உணவும் வைக்கலாம். தாகித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கிக் காலுறையில் நீர் மொண்டு தந்தவருக்கு மன்னிப்புக் கிடைத்ததையும், உயிருள்ள ஒவ்வொன்றுக்கும் செய்யும் நன்மைக்குக் கூலியுண்டு என்பதையும் நாம் அறிவோம்.

இறந்த உயிரை மீண்டும் காண்போமா என்று குழந்தைகள் மட்டுமல்லர், பெரியோரும் கேட்கின்றனர். பூமியில் ஊரும் விலங்குகளும் பறக்கும் பறவைகளும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்றும், அவை தம் இறைவனிடமே திரட்டப்படும் என்றும் 6:38ஆம் வசனம் உணர்த்துகிறது. கொம்பில்லாத ஆட்டுக்குக் கொம்புள்ள ஆட்டிடமிருந்து நீதி பெற்றுத் தரப்படும் என்னும் ஹதீஸ் முஸ்லிமில் உள்ளது. அதன்பின் அவை மண்ணாகிவிடும் என விரிவுரையாளர் பலர் கூறுவர். நாம் வளர்த்த இன்ன உயிர் சுவனத்தில் நம்முடன் இருக்கும் என்று உறுதி கூறும் சான்று நம்மிடம் இல்லை. எனினும், உள்ளங்கள் விரும்புவதெல்லாம் அங்குண்டு என 43:71ஆம் வசனம் வாக்களிக்கிறது. அநீதியற்ற இறைவனிடம் அது சென்றுள்ளது என்பதே நமக்குப் போதிய ஆறுதலாகும்.

புலவர்களின் கண்ணீர்

விலங்குகளுக்காக இரங்குதல் அரபு இலக்கியத்திற்குப் புதிதன்று. அப்பாஸியக் காலத்தைச் சேர்ந்த காஸிம் இப்னு யூஸுஃப், ஆடு, பூனை, பறவை ஆகியவற்றின் மரணத்தைப் பாடிய இரங்கற்பாக்களால் பெயர் பெற்றவர். ஹிஜ்ரி 318 அளவில் மறைந்த இப்னுல் அல்லாஃப், அண்டை வீட்டாரின் புறாக்களைத் தின்றதற்காக அவர்களால் கொல்லப்பட்ட தம் பூனையின்மீது பாடிய நெடும்பாடல் புகழ்மிக்கது. அது 65 அடிகள் கொண்டதென வரலாற்றாசிரியர் இப்னு கல்லிகான் குறிப்பிடுகிறார். ஆட்சியாளருக்கு அஞ்சி, கொல்லப்பட்ட ஒரு மனிதருக்கான இரங்கலையே பூனையின் பெயரால் அவர் பாடினார் என்று கூறுவோரும் உளர். அவ்வாறாயினும் ஒரு செய்தி புலனாகிறது. பூனைக்காக அழுதல் நம்பத்தக்க, இயல்பான செயலாக அச்சமூகத்திற்குத் தோன்றியிராவிட்டால் அதைத் திரையாகப் பயன்படுத்தியிருக்க முடியாது.

குழந்தைகளிடம் என்ன சொல்வது?

பெரும்பாலான குழந்தைகள் மரணத்தை முதன்முதலில் சந்திப்பது ஒரு கோழிக்குஞ்சிடமோ மீனிடமோ பூனைக்குட்டியிடமோதான். அது ஓடிப்போய்விட்டது, தூங்குகிறது என்றெல்லாம் பொய் சொல்வது அப்போதைக்கு எளிதாகத் தோன்றும். பின்னர் உண்மை தெரியும்போது குழந்தை உயிரை மட்டுமன்றி, பெற்றோர்மீதுள்ள நம்பிக்கையையும் இழக்கிறது. தூங்குகிறது எனக் கேட்ட குழந்தை தூக்கத்திற்கே அஞ்சவும் கூடும். இறந்துவிட்டது, இனி வராது, அல்லாஹ்விடம் திரும்பிவிட்டது என்று எளிய சொற்களில் கூறி, அக்குழந்தை பேசுவதைக் கேட்க வேண்டும். புதைக்கும்போது உடனிருக்க விரும்பினால் இருக்கட்டும்.

நம் வீடுகளுக்கே உரிய ஒரு சூழலும் உண்டு. குர்பானிக்காகச் சில மாதங்கள் முன்பே வாங்கிய ஆட்டுக்குட்டிக்குப் பிள்ளைகள் பெயரிட்டு, தழை கொடுத்து வளர்த்துவிடுகின்றனர். பெருநாளன்று அவர்கள் தேம்பி அழும்போது பெரியோர் சிரிக்கின்றனர், சிலர் அதட்டுகின்றனர். அக்கண்ணீர் இபாதத்துக்கு எதிரானதன்று. இறைச்சியோ இரத்தமோ அல்லாஹ்வை அடைவதில்லை, உங்கள் இறையச்சமே அவனை அடைகிறது என்பது 22:37ஆம் வசனத்தின் கருத்து. நேசித்ததை அவனுக்காகத் தருவதே தியாகம் என்பதை அழும் குழந்தை, சிரிக்கும் பெரியவரைவிட நன்கு உணர்ந்திருக்கக்கூடும். அதனிடம் முன்கூட்டியே உண்மையைச் சொல்லி, அன்று அழ இடங்கொடுப்பதே அறிவுடைமை.

இரவல் பொருள்

அபூ உமைரின் கதை குருவியோடு முடியவில்லை. சிறிது காலத்திற்குப் பின் அபூ தல்ஹாவின் மகன் ஒருவன் நோயுற்று, தந்தை வெளியே சென்றிருந்தபோது இறந்தான். அச்சிறுவன் அபூ உமைரே என்பதை இப்னு ஹிப்பானின் அறிவிப்பைக் கொண்டு அறிஞர்கள் நிறுவுகின்றனர். உம்மு ஸுலைம், கணவர் உண்டு இளைப்பாறும் வரை காத்திருந்து, ஒருவர் தந்த இரவல் பொருளை அவர் திருப்பிக் கேட்டால் மறுக்கலாமா என்று வினவி, அதன்பின் மகனின் மரணத்தைத் தெரிவித்தார். அவர்களுக்காக நபியவர்கள் துஆ செய்தார்கள். பின்னர் அவர்களுக்கு அப்துல்லாஹ் என்னும் மகன் பிறந்தார்.

குருவிக்காக அழ அனுமதிக்கப்பட்ட அதே வீட்டில்தான் இத்துணைப் பெரும் பொறுமையும் விளைந்தது. சிறு துயரங்களை மதித்தல் மனத்தைக் கோழையாக்கும் என்போர் இதனைக் கருதிப் பார்க்கட்டும். உம்மு ஸுலைமின் பொறுமையைக் காட்டி, அழுவோரை அடக்குதலும் முறையன்று. தம் மகன் இப்ராஹீம் இறந்தபோது நபியவர்களின் கண்கள் நீர் சொரிந்தன. கண் அழும், உள்ளம் வருந்தும், இறைவன் பொருந்தாததை மட்டும் நா சொல்லாது என்னும் கருத்தில் அவர்கள் எல்லையை வகுத்தார்கள். கண்ணீர் அனுமதிக்கப்பட்டது, ஒப்பாரியும் இறைவிதியின்மீதான முறையீடும் தடுக்கப்பட்டன. பிள்ளையின் பிரிவுக்கே இதுதான் அளவெனில், வளர்ப்புயிரின் பிரிவில் தொழுகையும் கடமைகளும் குடும்பத்தாரின் உரிமைகளும் பாழாகுமளவு துயரில் மூழ்கலாகாது என்பது சொல்லாமலே விளங்கும். மாதங்கள் கடந்தும் உணவும் உறக்கமும் மீளாதிருப்பின் மருத்துவரை நாடுவதும் கடமையே.

நம் கையிலிருந்த உயிர் நமது உடைமையன்று. இரவலாகத் தரப்பட்ட அமானத்து. அதை நன்கு பேணியவர் திருப்பிக் கொடுக்கும்போது கலங்குவதில் இழுக்கேதுமில்லை. நம் அண்டை வீட்டில் ஒருவர் அவ்வாறு கலங்கியிருப்பதைக் காண நேர்ந்தால், நாம் செய்யத்தக்கது நபியவர்கள் செய்ததே. அவருடைய முகத்தைப் பார்த்து, பெயர் சொல்லி அழைத்து, அந்தச் சிறு உயிர் என்னவாயிற்று என்று கேட்போம். பிறகு, அவர் சொல்லி முடிக்கும் வரை அமர்ந்திருப்போம்.